சலவை நீலம் சுவர் ஏறிய கதை

பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறவர், நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டிய பிறகு வாளியில் கடைசியாகச் சேர்க்கும் பொருள் நீலம். வேட்டிக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் போடுகிற அதே நீலம்தான். ஒரு சிட்டிகை போட்டால் சுண்ணாம்பின் பழுப்பு மறைந்து சுவர் பளிச்சென்று வெளுக்கும். ஒரு கைப்பிடி போட்டால் சுவரே வான நிறமாகிவிடும். முன்கட்டுக்கு வெள்ளை, அடுக்களைக்கும் கொல்லைப்புறத்துக்கும் நீலம் தூக்கலான கலவை என்று பிரித்து அடித்த வீடுகள் பல உண்டு.

துணி துவைக்கும் இடத்தை அழகுபடுத்தவென்று தனியாகப் பணம் ஒதுக்கிய வீடுகள் எந்த நாட்டிலும் குறைவு. கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் செலவழித்து மிஞ்சியதுதான் அந்த மூலைக்கு வரும். பல நேரம் அதுவும் வராது. ஆனாலும் துவைக்கிற கல்லைச் சுற்றிய சுவருக்கும், இங்கிலாந்தின் பின்கட்டுச் சலவை அறைக்கும், ஜோத்பூரின் சந்துகளுக்கும் நிறம் வந்து சேர்ந்தது. அந்த நிறம் வந்த வழி சலவைதான். துணிக்கென்று வாங்கிய பொருளில் மிஞ்சியதை எடுத்து ஏழை வீடுகள் தங்கள் சுவருக்குப் பூசின. கட்டடக் கலை வரலாற்றில் இதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பது அரிது, கிடைக்க வேண்டும்.

முதலில் துணிக்கு ஏன் நீலம் என்பதைப் பார்த்துவிடலாம். வெளுத்த பருத்தித் துணி வெகுநாள் வெள்ளையாக இருப்பதில்லை. வியர்வை, அலசியும் போகாத சோப்பு, பெட்டிக்குள் அடைந்து கிடந்த நாட்கள் எல்லாம் சேர்ந்து இழையில் ஒரு மஞ்சள் சாயலை ஏற்றிவிடும். நீலம் அந்த மஞ்சளைக் கழற்றுவதில்லை. இழையில் படிந்த நீலத் துகள் மஞ்சள் ஒளியை விழுங்கிக்கொள்கிறது. அதனால் கண்ணுக்கு மஞ்சள் தெரிவதில்லை. கருவி வைத்து அளந்தால் நீலம் போட்ட துணி திருப்பி அனுப்பும் ஒளி முன்பைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இருந்தும் பார்ப்பவருக்கு அது கூடுதல் வெள்ளையாகவே தோன்றும். சுண்ணாம்புக்கும் கணக்கு இதேதான். கல் சுண்ணாம்பில் இரும்புச் சத்து கொஞ்சம் கலந்திருந்தாலும் காய்ந்த சுவரில் பழுப்பு தட்டும். அதை மறைக்க ஒரு சிட்டிகை நீலம் போதும்.

ஐரோப்பாவின் சலவைத் தொட்டிகளில் தொடக்கத்தில் கரைந்த நீலம் வேறு. கோபால்ட் சேர்த்து உருக்கிய கண்ணாடியை மாவாக அரைத்துக் கஞ்சியோடு கலந்தார்கள். பிறகு நம் பக்கத்து அவுரி வந்தது. அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தை மாவோடு பிசைந்து கட்டியாக்கி இங்கிலாந்தின் சலவைக்காரிகளுக்கு விற்றார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலமும் சலவைக்கு வந்தது. அதில் ஒரு கெடுதல் இருந்தது. சோப்பும் சோடாவும் முழுதாக அலசிப் போகாத துணியில் அந்த நீலம் பட்டால் சிதைந்து, உள்ளிருக்கும் இரும்பு வெளிப்பட்டுத் துருக்கறையாகத் தங்கிவிடும். வெளுக்கப் போட்ட விரிப்பு புள்ளி விழுந்து திரும்பினால் சலவைக்காரியின் கூலி போயிற்று. சுண்ணாம்பும் காரம் மிகுந்த பொருள்தான். அதனால் பிரஷ்யன் நீலத்தைச் சுண்ணாம்பில் கலந்தாலும் நிறம் நிற்காது. நாளாவட்டத்தில் பழுப்பேறிப் போகும்.

காரத்துக்கு அசையாத நீலம் ஒன்று உலகில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதை வாங்க அரசர்களாலும் திருச்சபைகளாலும் மட்டுமே முடிந்தது.

ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுத்த லாபிஸ் லாசுலி என்ற கல்லிலிருந்து பெற்ற அல்ட்ராமரைன்தான் அது. இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி 1400ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய கையேட்டில் அதைப் பிரிக்கும் முறை விரிவாக வருகிறது. கல்லைப் பொடித்து, பைன் பிசினும் மெழுகும் சேர்த்துச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து சில நாள் ஊற வைக்க வேண்டும். பிறகு அந்த உருண்டையைச் சாம்பல் காரநீரில் போட்டுக் கையாலும் குச்சியாலும் அழுத்தி அழுத்திப் பிசைய, நீலம் மட்டும் நீரில் இறங்கும். மற்றக் கசடு மாவிலேயே தங்கிவிடும். சாம்பல் காரநீர் என்பது அன்றைய வண்ணாத்திகள் துணி ஊற வைத்த அதே நீர். கன்னி மரியாளின் மேலாடைக்குத் தீட்டிய நீலம், துணி வெளுக்கும் தண்ணீரில் ஒருமுறை இறங்கி வெளிவந்த பிறகே ஓவியனின் கைக்குக் கிடைத்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர்தர அல்ட்ராமரைன் பிரான்சில் கிலோ 3,000 முதல் 5,000 பிராங்க் வரை விற்றது. இதைச் செயற்கையாகச் செய்ய முடியும் என்ற குறிப்பு சூளைகளிலிருந்து வந்தது. 1787இல் சிசிலியில் பயணம் செய்த கோத்தே, பலேர்மோ அருகே சுண்ணாம்புக் காளவாய்களின் உட்சுவரில் நீல நிறப் படிவு உண்டாவதையும், லாபிஸ் கல்லுக்குப் பதிலாக அதை அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதையும் பார்த்து எழுதினார். 1814இல் பிரான்சில் ஒரு சோடா உலையிலும் இதே போன்ற நீலக் கட்டி கிடைத்தது. வேதியியலாளர் வோக்லன் அதைச் சோதித்து, லாபிஸின் நீலத்தோடு அது பெரிதும் ஒத்திருக்கிறது என்று அறிவித்தார்.

பிறகு போட்டி தொடங்கியது. 1824இல் பிரெஞ்சுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 6,000 பிராங்க் பரிசு அறிவித்தது. கிலோ 300 பிராங்குக்கு மிகாமல் செயற்கை அல்ட்ராமரைன் செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 1828இல் பரிசு ழான் பாப்திஸ்ட் கிமேக்குப் போனது. தாம் 1826இலேயே செய்துவிட்டதாக அவர் சொன்னார். அதே 1828இல் ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டியன் கிமெலினும் செய்து முடித்துத் தம் முறையை வெளிப்படையாக அச்சிட்டார். கிமே செய்முறையைப் பூட்டி வைத்துக்கொண்டு 1830களின் தொடக்கத்தில் லியோன் அருகே தொழிற்சாலை கட்டினார்.

செலவைக் குறைத்தது மூலப்பொருள். வெள்ளைக் களிமண், சோடா, கந்தகம், கரி. நான்குமே மலிவானவை. இவற்றை அரைத்துக் கலந்து, காற்றுப் புகாத மண் குடுவைகளில் 750 முதல் 800 டிகிரி வரை சூடேற்றினால் முதலில் பச்சை நிறத்தில் ஒரு கட்டி கிடைக்கும். பிறகு காற்றை உள்ளே விட்டால் அது நீலமாக மாறும். சூளை ஆறவே பல நாள் பிடிக்கும். ஆறிய கட்டியைக் கழுவி, உப்புகளை நீக்கி, மாவாக அரைத்துத் தரம் பிரிப்பார்கள். நீலத்தைத் தருவது அதில் சிக்கியிருக்கும் கந்தகம். மூன்று கந்தக அணுக்கள் சேர்ந்த துணுக்குகள் அலுமினியம்‑சிலிக்கா கூண்டுக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. காரம் அந்தக் கூண்டை உடைப்பதில்லை. அமிலம் உடைத்துவிடும், எலுமிச்சைச் சாறோ காடியோ பட்டால் நிறம் வெளிறி, அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும். சோப்பு நீருக்கும் சோடாவுக்கும் அசையாத நீலம் சுண்ணாம்புக்கும் அசையவில்லை. துணித் தொட்டியிலிருந்து சுவருக்கு அது தாவ முடிந்ததற்கு அடிப்படை இந்த ஒரு குணம்தான்.

கிமே குடும்பத்துக்கு நீலம் பெருஞ்செல்வம் தந்தது. ஓவியர்கள் வாங்கினார்கள், காகித ஆலைகள் வாங்கின, சர்க்கரையின் பழுப்பை மறைக்கச் சர்க்கரை ஆலைகளும் வாங்கின, எல்லோரையும்விட அதிகமாகச் சலவைத் தொழில் வாங்கியது. மகன் எமில் கிமே அந்தப் பணத்தில் 1876இல் ஜப்பான், சீனா, இந்தியா என்று பயணம் போய்ச் சமயச் சிற்பங்களையும் நூல்களையும் திரட்டினார். 1879இல் லியோனிலும் 1889இல் பாரிசிலும் அருங்காட்சியகம் திறந்தார். பாரிசின் கிமே அருங்காட்சியகத்தில் இன்று சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி ஒன்று நிற்கிறது. அந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் சலவை நீலத்தில் சேர்ந்த காசு இருக்கிறது என்பது அங்கே வரிசையில் நிற்கும் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் இந்த நீலத்தை வீடு வீடாகக் கொண்டு சேர்த்த பெயர் ரெக்கிட். ஐசக் ரெக்கிட் 1840இல் ஹல் நகரில் ஒரு கஞ்சிமாவு ஆலையைக் குத்தகைக்கு எடுத்தார். கஞ்சிமாவு வாங்குகிறவர்களுக்கு நீலமும் தேவைப்பட, 1850களில் அதையும் விற்கத் தொடங்கினார். பிற நாட்டு உற்பத்தியை நம்பியிருக்க விரும்பாமல் 1884இல் நிறுவனம் ஹல்லிலேயே தன் அல்ட்ராமரைன் ஆலையைத் தொடங்கியது. நீலத்தோடு சமையல் சோடா சேர்த்து அழுத்திய சிறு கட்டிகள். ஒவ்வொன்றையும் ஒரு துணித் துண்டில் முடிந்து வாளித் தண்ணீரில் இரண்டு மூன்று முறை முக்கி எடுத்தால் போதும். தேனீயும் குளவியும் கொட்டிய இடத்தில் அந்த நீல முடிச்சை நனைத்து ஒற்றுவதும் ஆங்கிலக் கிராமங்களில் கைவைத்தியமாக இருந்தது. உள்ளே இருந்த சோடாவின் மேல் வைத்த நம்பிக்கை அது.

விண்டர்மியர் ஏரிக்குத் தெற்கே பேக்பேரோ என்ற சிற்றூரில் 1890இல் ஒரு பழைய பஞ்சாலைக் கட்டடத்துக்குள் இன்னொரு நீல ஆலை வந்தது. டாலி ப்ளூ என்ற பெயரில் விற்ற நீலம் அங்கே தயாரானது. மரக்குச்சி செருகிக் கட்டிய துணி முடிச்சுதான் அதன் அடையாளம். குச்சியைப் பிடித்து நீரில் ஆட்டினால் கையில் நீலம் ஒட்டாது. ஆனால் அந்தப் பொடியை அரைத்தவர்களும் பொட்டலம் கட்டியவர்களும் நீலத்திலிருந்து தப்பவில்லை. தோலிலும் முடியிலும் உடையிலும் ஏறிய நிறத்தோடுதான் வீடு திரும்பினார்கள். ஆலைச் சுவரும் பாதையும் ஊரின் ஓரங்களும் நீலம் படிந்தே கிடந்தன. 1980களின் தொடக்கத்தில் ஆலை மூடப்பட்டு அந்த இடத்தில் விடுதி வந்தது.

இனி அந்தச் சலவை அறைக்குள் நுழையலாம். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தொழிலாளி வீட்டின் பின்கட்டில் ஒரு சிறிய அறை இருக்கும். மூலையில் செங்கல் கட்டி, அதற்குள் செப்புக் கொப்பரை பதித்திருப்பார்கள். அடியில் தீ எரியும். திங்கட்கிழமை சலவை நாள். விடியுமுன்பே தண்ணீர் சுமந்து கொப்பரையை நிரப்பி, கொதிக்க வைத்து, துணியைத் தடியால் குத்தி, பிழிந்து, அலசி, கடைசி அலசலில் நீலம் போட்டு, கஞ்சி முக்கி, காயப் போட்டு முடிப்பதற்குள் வீட்டுப் பெண்ணின் ஒரு நாள் முழுதும் போய்விடும். நாள் பூராவும் ஆவி படர்கிற அறையில் சுவர்க் காகிதம் ஒட்டினால் உரிந்து தொங்கும். எண்ணெய் வண்ணம் அடிக்கக் காசு கிடையாது. சுண்ணாம்பு ஒன்றுதான் அந்த அறைக்குப் பொருந்தியது. அது ஈரத்தை உள்ளே அடைக்காமல் வெளியே விடும். காரம் மிகுந்ததால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. ஆண்டுக்கொரு முறை மேலேயே இன்னொரு பூச்சு அடித்துக்கொள்ளலாம். அலமாரியில் நீல முடிச்சு எப்போதும் இருந்தது. வாளிச் சுண்ணாம்பில் அதைக் கரைத்தால் கூடுதல் செலவில்லாமல் அறைக்கு நிறம் கிடைத்தது.

நீலச் சுவரில் ஈ உட்காராது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணை நின்றது. பெரிய மாளிகைகளின் சமையற்கட்டு, பால் அறை, சலவை அறை என்று வேலையாட்கள் புழங்கும் பகுதிகளில் நீலச் சுவர் பரவியதற்கு இந்த நம்பிக்கையையே காரணமாகச் சொல்வார்கள். ஈ உட்கார்ந்ததோ இல்லையோ, விக்டோரியா காலத்து மாளிகைகளில் வேலைக்காரப் பெண்களின் நாள் கழிந்த அறைகள் பல இந்த நிறத்தில்தான் இருந்தன.

சுண்ணாம்பு அடிப்பது சட்டமாகவும் இருந்தது. 1802இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய தொழிற்சாலைச் சட்டம், பஞ்சாலை அறைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றது. 1832 காலராவின்போது நகர சுகாதார வாரியங்கள் ஏழைகளின் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்தன. அந்தக் காலராவில்தான் லிவர்பூலில் கிட்டி வில்கின்சன் என்ற அயர்லாந்துப் பெண் தம் வீட்டுக் கொப்பரையை அக்கம்பக்கத்தாருக்குத் திறந்துவிட்டார். நோயாளிகளின் படுக்கையையும் உடுப்பையும் அங்கே கொண்டு வந்து கொதிக்க வைத்து வெளுத்துக்கொள்ளலாம். கிருமியைப் பற்றி எவரும் அறியாத காலம் அது. 1842இல் லிவர்பூல் ஃபிரெடரிக் தெருவில் நகராட்சி பொதுக் குளியலறையும் சலவைக்கூடமும் திறந்து, அதன் பொறுப்பைப் பின்னர் வில்கின்சனிடமும் அவர் கணவரிடமும் கொடுத்தது. 1846இல் நாடு முழுவதும் இப்படிக் கூடங்கள் கட்ட வழி செய்யும் சட்டம் வந்தது. ஏழைக்கும் சலவைக்கென்று ஓர் இடம் வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகம் வரை கொண்டு போனதில், எளிய குடும்பத்தில் பிறந்த இந்தப் பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. லிவர்பூல் பேராலயத்தின் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் இன்று அவர் உருவம் இருக்கிறது.

பிரிட்டிஷ் கப்பல்கள் போன இடமெல்லாம் நீலக் கட்டியும் போனது. போன இடத்தில் அது துணியோடு நிற்கவில்லை. நைஜீரியாவின் யொரூபா மக்கள் இறந்துபோன இரட்டைக் குழந்தைக்காகச் செதுக்கும் மரப்பாவையின் தலைமுடிக்கு முன்பு அவுரி பூசினார்கள். பிறகு ரெக்கிட் நீலத்தைப் பூசினார்கள். ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் மழைக்காட்டுத் தொல்குடியினரின் கேடயங்களிலும் இந்த நீலம் ஏறியது. காவி, கரி, வெண்களிமண் என்று மண்ணிலிருந்து எடுத்த நிறங்களோடு புதிதாகச் சேர்ந்த இந்த நிறம் மளிகைப் பொட்டலத்திலிருந்து வந்தது. அருங்காட்சியக வல்லுநர்கள் ஒரு பொருளின் காலத்தைக் கணிக்க இந்த நீலமும் ஒரு தடயம்.

இந்தியாவில் சுண்ணாம்பும் நீலமும் சந்திப்பதற்கு எல்லாம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அவுரி விளைந்த மண் இது. தென்னார்க்காட்டுப் பக்கம் இன்றும் பயிரிடுகிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த பருத்தித் துணியை வெளுக்க வந்தவர்கள் குடியேறிய பகுதிதான் சென்னை வண்ணாரப்பேட்டை. உவர்மண்ணில் ஊற வைத்து, வெள்ளாவியில் ஏற்றி, கல்லில் அடித்து, வெயிலில் உலர்த்திய துணிக்குக் கடைசியில் நீலமும் கஞ்சியும். நீலம் போடுவது கைப்பழக்கம். துணி சீராக நனைந்திருக்க வேண்டும். சோப்பு முழுதும் போயிருக்க வேண்டும். பொடியை நேராகத் தண்ணீரில் கொட்டாமல் துணியில் முடிந்து கசக்க வேண்டும். துணியை உள்ளே போட்டதும் நிறுத்தாமல் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் முதுகில் திட்டுத் திட்டாக நீலம் நிற்கும்.

ராபின் நீலப் பொட்டலம் வந்த பிறகு இந்த வேலை வீட்டுக்குள் எல்லோருக்கும் பழக்கமானது. வெள்ளையடிக்கிறவரும் அதையே கேட்டு வாங்கினார். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைக்கிற கடலோரத்தில் அது, உள்நாட்டில் கல் சுண்ணாம்பு. தொட்டியில் தண்ணீர் ஊற்றியதும் கொதித்துக் குமுறி அடங்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் அண்ட விடமாட்டார்கள். ஒட்டுவதற்குக் கஞ்சியோ பிசினோ சேர்ப்பார்கள். நுனியை நைத்து நாராக்கிய மட்டைதான் தூரிகை. ஈரத்தில் சுவர் சாம்பல் நிறமாகத் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். அதனால் நீலத்தின் அளவை வாளியைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மூலையில் ஓர் இழுப்பு இழுத்துக் காய விட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கிராமத்து அனுபவம் கண்ட இந்த அளவை அரசு எழுத்திலும் பார்க்கலாம். மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டட வேலை விதிகளில் வெள்ளையடிப்புக்கென்றே ஒரு பகுதி உண்டு. 1 கிலோ சுண்ணாம்புக்கு சுமார் 5 லிட்டர் தண்ணீர் விட்டுக் கலக்கி, 24 மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். வெந்நீரில் கரைத்த பிசின் சேர்க்க வேண்டும். பிறகு நீலம்: கிலோ சுண்ணாம்புக்கு 3 கிராம் வரை. தூரிகையை எப்படி இழுப்பது என்றுகூட எழுதியிருக்கிறார்கள். மேலிருந்து கீழே ஒன்று, அதன் மேலேயே கீழிருந்து மேலே ஒன்று, காய்வதற்குள் வலமிருந்து இடமாக ஒன்று, இடமிருந்து வலமாக ஒன்று. நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பூச்சு. புதுச் சுவருக்கு மூன்று பூச்சு. ரயில்வே குடியிருப்பு, காவலர் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று அரசுக் கட்டடங்களின் வெள்ளைக்குப் பின்னால் இந்த 3 கிராம் இருந்தது.

ஜோத்பூரின் பிரம்மபுரிப் பகுதியில் சுண்ணாம்பில் நீலம் தாராளமாகச் சேர்த்து அடித்த வீடுகள் இன்று சுற்றுலாப் படங்களில் உலகெங்கும் போகின்றன. அதே கலவையில் நின்ற தமிழ்நாட்டுக் கிணற்றடிச் சுவரைப் படம் எடுத்தவர்கள் மிகக் குறைவு. அந்தச் சுவர்களில் பெரும்பாலானவை இப்போது இடிந்துவிட்டன அல்லது ஓடு பதித்துவிட்டார்கள். கிணற்றடியும் துவைக்கிற கல்லும் மறைந்த வேகத்தில் அவற்றின் நிறமும் மறைந்துவிட்டது என்பது வருத்தப்பட வேண்டிய விஷயம். அந்த இடத்தில் தினமும் நின்ற பெண்களின் கண் முன்னால் இருந்த நிறம் அது.

நீலப் பொடியின் வீழ்ச்சி துணியிலிருந்து தொடங்கியது. 1929இல் ஜெர்மானிய வேதியியலாளர் பால் கிரைஸ், குதிரைச் செஸ்ட்நட் மரப்பட்டையின் சாறு கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருவதைத் துணியில் சோதித்துக் காட்டினார். அந்த வழியில் பிறந்த ஒளிர்வெண்மைப் பொருட்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சலவைத் தூளுக்குள்ளேயே கலந்து வந்துவிட்டன. நம் ஊரில் டினோபால் என்ற பெயர் அப்படித்தான் வீட்டுப் பேச்சில் புகுந்தது. இவை மஞ்சளை மறைப்பதோடு ஒளியையும் கூட்டுவதால் வெண்மை தூக்கலாகத் தெரிந்தது. சுவரில் இவற்றுக்கு வேலை இல்லை. வெயில் பட்டால் சிதைந்துவிடும்.

1983இல் திருச்சூரில் எம்.பி. ராமச்சந்திரன் 5,000 ரூபாய் முதலீட்டில் ஜோதி லேபரட்டரீஸ் தொடங்கி உஜாலா என்ற திரவ நீலத்தை விற்க ஆரம்பித்தார். பெண்கள் வீடு வீடாகப் போய் விற்றார்கள். பொடியின் பழைய தொல்லை அத்தோடு தீர்ந்தது. பொடி தண்ணீரில் கரைவதில்லை, மிதக்கிறது. அதனால்தான் திட்டு விழுந்தது. உஜாலா கரைகிற சாயம். சில சொட்டு விட்டால் போதும் என்பதால் சொட்டு நீலம் என்றே தமிழ்நாட்டில் பெயர் நிலைத்தது. பொடியின் இடத்தைச் சில ஆண்டுகளில் பெருமளவு பிடித்துக்கொண்டது.

அதே காலத்தில் சுவரும் கைமாறியது. முதலில் ஸ்னோசெம் போன்ற சிமென்ட் வண்ணம், பிறகு டிஸ்டெம்பர், பிறகு எமல்ஷன். ஆண்டுதோறும் அடிக்க வேண்டியதில்லை, கையில் ஒட்டாது. காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. மட்டை கட்டிய கைகள் உருளைக்கு மாறின. இன்று வாளிவாளியாக விற்கும் வெள்ளை வண்ணத்திலும் டைட்டானியம் டையாக்சைடின் லேசான மஞ்சளை அடக்க ஆலைகளில் ஒரு துளி நீலமோ ஊதாவோ சேர்ப்பது வழக்கம். வெள்ளையடிக்கிறவர் கையளவில் செய்ததை இப்போது இயந்திரம் அளந்து செய்கிறது.

ஹல் நகரின் நீல ஆலை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய பின் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டது. ஆனால் அல்ட்ராமரைன் தயாரிப்பு நிற்கவில்லை. 1960இல் தொடங்கிய அல்ட்ராமரைன் அண்ட் பிக்மென்ட்ஸ் நிறுவனத்தின் நீல ஆலை சென்னை அம்பத்தூரில் இருக்கிறது. ராணிப்பேட்டையிலும் அந்நிறுவனத்துக்கு ஆலை உண்டு. களிமண், சோடா, கந்தகம், கரி என்ற அதே பழைய கணக்குதான். பிளாஸ்டிக், ரப்பர், அச்சு மை, வண்ணப்பூச்சு, சலவைப் பொருட்கள் என்று பல தொழில்களுக்கு அந்தப் பொடி போகிறது.

குறைந்த செலவில் சலவை மூலைக்கு நிறம் தேடுகிறவர்கள் இன்றும் இந்தக் கலவையைத் தொடலாம், சில கட்டுப்பாடுகளோடு. எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது, செதிலாக உதிரும். பழைய வண்ணத்தை முழுதும் சுரண்டி, பூச்சு வெளித் தெரிந்த பிறகே அடிக்க வேண்டும். அடிக்குமுன் சுவரை நனைக்க வேண்டும்; இல்லையென்றால் சுவர் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சுண்ணாம்பு பொடியாகக் கையோடு வரும். கண்ணாடி போட்டுக்கொள்வது அவசியம்; கண்ணில் சுண்ணாம்பு பட்டால் பார்வைக்கே ஆபத்து. மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிப்பது கெட்டியாக ஒரு முறை அடிப்பதைவிட உறுதி. நீலத்தைப் பொறுத்தவரை சொட்டு நீலத்தை விட்டு, காரத்துக்கு அசையாத அல்ட்ராமரைன் பொடியைத்தான் கேட்டு வாங்க வேண்டும். முழுச் சுவருக்கும் தேவையான கலவையை ஒரே தொட்டியில் கலந்துகொள்வது நல்லது. பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் கிடைப்பது கடினம்.